எச்சரிக்கையில் இடம் கேட்டவர்

டக்ளசுக்குப் பொறாமை புதிதல்ல. ஆனாலும் ஒருவரை அவமானப்படுத்தியதற்காக ஊர் அவரிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து வயிறெரிந்த மனிதர் கண்டி முழுவதிலும் டக்ளஸ் ஒருவராகத்தான் இருப்பார்.

வயது அறுபத்துநான்கு. பஸ் டிப்போவில் கணக்கெழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அனற்றோடு கட்டுக்கலையில் குடியிருக்கிறார். ஞாயிறு பூசையில் பாடுவார். மற்றவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பாடினால் தன் குரல் எடுபடுமே என்பது அவருடைய நெடுநாள் குறை. இளமையில் ஒரே ஒரு தடவை அவருக்குப் பெயர் கிடைத்தது. 1986இல் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரம் போன 'கலியாண வீட்டு பேண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் அவர்தான் பாடகர். கலியாணம் கலியாணமாகப் போய்ச் சொதப்பிவிட்டு வரும் ஐந்து பேரின் கதை. எழுதி எடுத்தவர் மர்சூக். பெரிய மேளத்தைச் சுமந்து வருபவராக நடித்தவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த மோகனராஜ்.

கதையில் மோகனராஜின் பெயர் கொழுந்து. தோட்டத்துப் பையன் என்றால் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்து, டக்ளசைவிடச் சிவப்பான அந்தப் பிள்ளையின் முகத்தில் வாரா வாரம் கரி பூசினார்கள். அவன் வாயைத் திறந்தால் சிரிப்பு, தடுக்கி விழுந்தால் இன்னும் சிரிப்பு. கடிதங்களும் அவனுக்குத்தான் வந்தன. சுருள் முடியும் காலில் வெள்ளைச் சப்பாத்துமாகக் காதல் பாட்டுப் பாடிய டக்ளசுக்கு வாரத்துக்கு இரண்டு வரும். அதில் ஒன்று சித்தி எழுதியது.

தொடர் முடிந்ததும் மோகனராஜ் ஆசிரியரானார், பள்ளிக்கூட உப அதிபரானார், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதரானார். டக்ளஸ் அவரை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் மோகனராஜுக்குக் கிடைத்த பதவி உயர்வுகள் மட்டும் மாதம் தேதியோடு ஞாபகத்தில் இருந்தன.

மர்சூக் மௌத்தாகி அடக்கமான பிறகு அவருடைய அலுமாரியில் கிடந்த பழைய வீடியோ கசெட்டுகளை மகள் றிப்தா துடைத்தெடுத்து, போன வருடம் யூடியூப்பில் ஏற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், எட்டு வினாடிக்கு ஓர் எச்சரிக்கை: 'இந்தத் தொடரில் மலையக மக்களை இழிவுபடுத்தும் பேச்சும் காட்சிகளும் உள்ளன. அவை உங்கள் மனதைப் புண்படுத்தலாம். அவை அன்றும் பிழை, இன்றும் பிழை. கொழுந்துவாக நடித்த திரு. மோகனராஜிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.' அதற்குப் பிறகுதான் பாட்டு, பாட்டுக்குப் பிறகுதான் நடிகர் பெயர்கள். முன்பு முதலாவதாக வந்த டக்ளசின் பெயர் இப்போது இரண்டாவதாகிவிட்டது.

கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். எல்லாம் ஆசிரியர் மோகனராஜ் சேருக்கு. ஒருவர் மட்டும் அந்தப் பாடகர் விக் போட்டிருக்கிறாரா என்று கேட்டிருந்தார். அது சொந்த முடி. பதில் எழுதுவது எப்படி என்று தெரியாமல் டக்ளஸ் அரை நாள் ஃபோனோடு மல்லுக்கட்டினார்.

பிறகு ஓர் அழைப்பிதழ் வந்தது. கண்டி வாவிக்குப் பக்கத்து மண்டபத்தில் மோகனராஜுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்; தன் தந்தையின் சார்பில் றிப்தா மேடையில் மன்னிப்புக் கேட்கிறாள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் டக்ளஸ். அவருடைய பெயர் உறையின் மேல் மட்டும்தான் இருந்தது.

"அந்த மனுசன் மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு நின்னாரு," என்றாள் அனற். "அதுக்குப் போய் பொறாமைப்படுறீங்களே, வெக்கமா இல்லையா?"

"நானுந்தான் நொந்திருக்கேன். அத யாரு கேட்டா?"

கேட்க ஆளில்லை என்றால் தானே கேட்பது என்று தீர்மானித்தார். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வந்து, பதின்மூன்று பகுதிகளையும் முதலிலிருந்து போட்டு, தன்னைப் புண்படுத்திய இடங்களைத் தேட ஆரம்பித்தார். இரண்டாம் பகுதியில் அவரைச் 'சட்டைக்காரன்' என்று ஒருவர் நக்கலடிக்கிறார். கிறிஸ்தவர் போடும் சட்டையைச் சொல்லி வேதக்காரரை இழிவுபடுத்தியது என்று எழுதிக்கொண்டார். நாலாவதில் மூக்கைப் பற்றி ஒரு பேச்சு. ஐந்தாவதில் அவர் பாடும்போது கழுதை கத்துகிறது. ஒன்பதாவதில் சேற்றில் விழுத்துகிறார்கள். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் தொலைந்த சாமான் கிடைத்ததுபோல மனிதருக்கு ஒரே சந்தோசம். ஏழாம் பகுதிக்கு நேரே மட்டும் 'ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டியிருந்தது.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் மர்சூக்கின் மகள் வீட்டுக்குப் போனார். எச்சரிக்கையில் தன் பெயரையும் சேர்க்க வேண்டும், மேடையில் உட்கார ஒரு கதிரையும் வேண்டும் என்று றிப்தாவிடம் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கொப்பியை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"அங்கிள், ஏழாம் பகுதிக்கு ஒண்டுமில்லண்டு எழுதி ஈக்கீங்களே. எல்லாத்திலயும் மோசம் அதுதானே."

"அதுல என்னையப் பத்தி ஒண்ணும் வரல்லயேம்மா," என்றார் டக்ளஸ். மனதாரத்தான் சொன்னார்.

அவள் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். கலியாண வீட்டு அம்மா எல்லோருக்கும் கோப்பையில் தேநீர் கொண்டுவருகிறார். கொழுந்து கை நீட்டுகிறான். இளம் டக்ளஸ் குறுக்கே வந்து, "அவனுக்குக் கோப்பை வேணாம். சிரட்டையில ஊத்திக் குடுங்க. பிறகு அந்தக் கோப்பைய யாரு தொடுறது?" என்கிறார். ஒருவர் உள்ளே ஓடித் துருவிப் போட்ட தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கொண்டுவருகிறார். கொழுந்து அதில் குடிக்கிறான். அன்றிலிருந்து கடைசிப் பகுதிவரை சிரட்டை வராத வாரமில்லை. தொடர் முடிந்தும் அது ஓயவில்லை. மோகனராஜ் படிப்பித்த பள்ளிக்கூடச் சுவரில் 'சிரட்டை சேர்' என்று அவருடைய பட்டப்பெயரை வருடக்கணக்காக எழுதிவைத்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அது மர்சூக் எழுதிய வசனம் என்றுதான் டக்ளசும் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

றிப்தா ஒரு பழைய ஃபைலைத் திறந்தாள். மர்சூக்கின் கையெழுத்தில் அந்தக் காட்சிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'எல்லோரும் தேநீர் குடிக்கிறார்கள்.'

"வாப்பாட எழுத்தில இந்த வசனம் இல்ல. எட்டாம் பகுதியிலருந்துதான் சிரட்டைய எழுதி ஈக்கார். முதல்ல எப்படி வந்ததுண்டு மோகனராஜ் சேர்ட்ட கேட்டேன். ஞாபகமில்லண்டு சொன்னார். அங்கிளுக்கு ஞாபகம் ஈக்கா?"

அந்தக் கணத்தில்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஏழாம் பகுதி எடுத்த அன்று காலை, படப்பிடிப்புக்கு முன்னால், சணல் நூலால் கட்டிய ஒரு கட்டுக் கடிதத்தை யாரோ மோகனராஜின் மடியில் போட்டார்கள். டக்ளசுக்கு அன்று ஒன்றுகூட இல்லை, சித்திகூட எழுதவில்லை. அவன் ஒவ்வொரு உறையாகக் கிழித்துப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த எரிச்சல்தான் மத்தியானம் சிரட்டையாக வாயில் வந்தது. மர்சூக் சிரித்துவிட்டார், அதனால் அது நிலைத்துவிட்டது.

"இல்லம்மா," என்றார் டக்ளஸ். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு வந்தது கோபம், அதுவும் மோகனராஜின் மேல். இவனுக்கா ஞாபகமில்லை? நன்றாக ஞாபகம் இருக்கிறது. காட்டிக்கொடுக்க மனம் வராமல் மறைத்திருக்கிறான். பேர், பதவி, பொன்னாடை எல்லாம் போதாதென்று பெருந்தன்மையும் அவனுக்கே வேண்டுமா? தன்னால் ஒரு நாளும் அப்படி இருக்க முடியாது என்பது தெரிந்ததால் பொறாமை இன்னும் கூடியது. வீட்டுக்கு வந்து கொப்பியை அலுமாரிக்கு மேலே எறிந்தார். அனற் கேட்டதற்குத் தலையிடி என்றார்.

விழாவுக்குப் போனார், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். மோகனராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மனிதர் நரைத்து, ஒடுங்கி, கைத்தடியோடு இருந்தார். பிறகு றிப்தா மைக்கைப் பிடித்தாள். திரையில் மர்சூக்கின் படம் இருந்தது. கரிக்காக மன்னிப்புக் கேட்டாள். சிரட்டைக்காகக் கேட்கத் தொடங்கியபோது திரும்பித் தந்தையின் படத்தைப் பார்த்தாள். டக்ளசுக்குப் பின்னால் யாரோ, மர்சூக்கை இவ்வளவு காலமும் நல்ல மனிதரென்று நினைத்திருந்தோமே என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தார்.

டக்ளசுக்கு அது பொறுக்கவில்லை. எழுந்தார். இத்தனை வருடமாக ஏங்கிய மேடைக்கு யாரும் கூப்பிடாமலேயே ஏறினார். மைக்கைக் கையில் வாங்கினார்.

"சிரட்டை வசனம் மர்சூக் அண்ணன் எழுதினது இல்ல," என்றார். "நான் சொன்னது. அன்னைக்கு மோகனுக்கு ஒரு கட்டுக் கடுதாசி வந்துச்சு, எனக்கு வரல்ல. அந்தப் பொறாமையில சொன்னேன். இந்தா, இப்ப இங்க வரும்போதும் அதே பொறாமையோடதான் வந்தேன். மன்னிச்சுக்க மோகன்."

மோகனராஜ் கைத்தடியை ஊன்றி எழுந்து மைக்குக்கு வந்தார்.

"நீதான்னு எனக்குத் தெரியும் டக்ளஸ். நான் மறக்கல," என்றார் அவர். கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றினார். "தோட்டத்துக் கிளப்புல எல்லாரோடயும் உக்காந்து எங்கம்மா அதப் பாத்தாங்க. பேருக்கு ஆசைப்பட்டு நானா சிரட்டையக் கேட்டு வாங்கிக் குடிச்சேன்னு நெனச்சுட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், நம்பல. பதினோரு வருசத்துக்கு முன்ன போய்ச் சேந்துட்டாங்க. அவங்க உசுரோட இருந்தப்ப நீ வந்து சொல்லியிருக்கலாம்."

அவர் போய் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. டக்ளஸ் படியிறங்கி நேரே வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து றிப்தா ஃபோனில் பேசினாள். எச்சரிக்கையை மாற்ற வேண்டும், ஒரு நடிகர் என்று மட்டும் போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பேரப் போடும்மா," என்றார் டக்ளஸ். "முழுப் பேரையும் போடு."

அடுத்த வாரம் ஒரு பின்னேரம் அனற்றைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஏழாம் பகுதியைப் போட்டார். பாட்டுக்கு முன்னால், மற்ற எந்தப் பெயருக்கும் முன்னால், கறுப்புத் திரையில் வந்தது: 'இந்தப் பகுதியில் வரும் சிரட்டை வசனம் மர்சூக் எழுதியதல்ல. அதைச் சொந்தமாகச் சேர்த்துச் சொன்னவர் செபமாலை டக்ளஸ்.' எட்டு வினாடி நின்றது. அனற் படித்துவிட்டு அவருடைய கையை ஒரு தடவை பிடித்தாள், பிறகு எழுந்து அடுப்பு வேலையைப் பார்க்கக் குசினிக்குப் போனாள்.

அவர் நிறுத்தவில்லை. தேநீர்க் காட்சி வந்தது. இத்தனை தடவை பார்த்தும் அதில் அவர் தன்னை மட்டும்தான் பார்த்திருந்தார். இன்று மோகனராஜைப் பார்த்தார். சிரட்டையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவன் முகம் சிரிக்கிறது, ஆனால் கண் நிமிர்ந்து டக்ளசைத் தேடுகிறது. சும்மா பகிடிக்குத்தான் சொன்னேன் என்று டக்ளஸ் ஒரு பார்வை பார்ப்பார் என்று அவன் காத்திருக்கிறான். வெள்ளைச் சப்பாத்து போட்ட அந்த டக்ளஸ் அவனைப் பார்க்கவே இல்லை. கமராவுக்குப் பின்னால் எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.