டோனா வீட்டுக்குச் சீனி கொண்டுபோனேன்

நான் வேலை செய்யும் டொரொண்டோ ஆலையில், மேற்பார்வையாளர் தினமும் ஒவ்வொருவரையும் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். பதிலுக்கு நிற்கக் கூடாது. பகல் ஷிப்டின் மேற்பார்வையாளன் நான்; கண்டிக்காரன், நின்றுவிடுவேன், ஆட்கள் பயந்துவிடுவார்கள். இரவு ஷிப்டைப் பார்க்கும் பிரையன் நடந்துகொண்டே கேட்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். ஆட்களின் மனமறிந்து வேலை வாங்குவதற்கு எங்கள் இருவருக்கும் 'இமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று ஒரே வகுப்பு நடத்தினார்கள். சான்றிதழ் இருவருக்கும் கிடைத்தது. ஆட்கள் அவனுக்கு மட்டும் கிடைத்தார்கள்.

பொறாமை எனக்குப் புதிதல்ல, விமானத்தில் கூடவே வந்தது. கண்டியில் ஒரு துணிக்கடையில் ரஃபீக்கும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். சேலை மடிப்பதில் நான்தான் கெட்டிக்காரன். பன்வில என்ற ஊரிலிருந்து வந்து கூட வேலை செய்த லெட்சுமியின் அப்பா இறந்தபோது, "மூணு நாள் லீவு எடுத்துக்கங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ரஃபீக், எங்கள் ஊர் வழக்கப்படி சாவு வீட்டுத் தேத்தண்ணிக்கு ஐந்து கிலோ சீனியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். போய்ப் பந்தலும் கட்டினான். அடுத்த மாதம் முதலாளி அவனை மனேஜராக்கினார்.

"பந்தல் கட்டுனவனுக்கு மனேஜர் வேலையா?" என்று வீட்டில் பொருமினேன்.

"நீங்களும் போய் ஒரு கயித்தப் பிடிச்சிருக்கலாமே" என்றாள் மனைவி.

அந்தப் புழுக்கத்தில்தான் கனடாவுக்கு விண்ணப்பித்தேன். பிள்ளைகளின் படிப்புக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டோம்.

போன வருடம் என் ஷிப்டின் மிகத் திறமையான பெண், டோனா, பிரையன் பக்கம் மாற யோசிப்பதாகக் காதில் விழுந்தது. அந்த வாரமே அவளுடைய அம்மா இறந்துபோனார். இந்த முறை முந்திக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, ஐந்து கிலோ சீனி, பிஸ்கட். சாவு வீட்டுக்கு யார் சொல்லிவிட்டுப் போவார்கள்? நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

டோனாவின் முகம் வெளிறியது. "என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களா?"

"இல்லை. சீனி கொண்டுவந்தேன்."

"எதற்கு?"

விளக்கத் தொடங்கினேன். என் ஆங்கிலம் அவ்வளவு தூரம் போகவில்லை. உள்ளே கூப்பிட்டாள். ஊர் முறைப்படி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்ததைத் துக்கம் என்று நினைத்தேன்.

பிரையன் இரண்டு வரி எழுதி ஒரு கார்ட் அனுப்பியிருந்தான். அடுத்த மாதம் டோனா, யாருமே விரும்பாத இரவு ஷிப்டுக்கு மாறிப்போனாள்.

தாங்காமல் ரஃபீக்குக்குப் போன் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நான் லெட்சுமிட அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தானே போனேன். நீ யாருக்கிட்டயாவது கேட்டியா மச்சான்?"

இத்தனை வருடத்தில் அதை அவன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது காலை ஏழு மணிக்கு நான் உள்ளே போகும்போது டோனா வெளியே வருகிறாள். எனக்காகக் கதவைப் பிடித்தபடி, பிரையன் சொன்ன எதற்கோ சிரிக்கிறாள். கண்டியில் அப்போது மாலை. நேற்று அந்த நேரத்தில் ரஃபீக் கடைப் படம் ஒன்றை அனுப்பினான். லெட்சுமி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறாள். பக்கத்தில் ஒரு கதிரை காலி. வாசலிலேயே நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதிரையில் இடம் பிடித்தபடி யாருடையதோ கைப்பை இருந்தது.