ஐஸைப் பற்றி நான் கேட்கவில்லை

மாவட்டச் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்துப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்த ஓர் அசட்டுத்தனத்தை மட்டும் சொல்கிறேன்.

கோலா சுங்கை பாரு பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் வீடுகளுக்குக் குளத்துத் தண்ணீர்தான். அதிலிருந்து ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பிள்ளைகளுக்குத் தொற்றியிருந்தது. நான் போய்ப் பாடம் நடத்தி, ஃபாரம் கொடுத்தேன். "கொதித்த தண்ணீர்தான் குடிக்கிறாயா?" நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் 'ஆம்' என்று எழுதினார்கள். ரிப்போர்ட்டில் 'மிக நன்று' போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் லேப் ரிசல்ட் வந்தது. மறுபடியும் அதே கிருமி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே வகுப்புக்குப் போய், பொய் எழுதியது யார் என்று சத்தம் போட்டேன்.

தர்ஷினி என்ற சிறுமி எழுந்தாள். ஒன்றாம் ஆண்டில் படிக்கும் அவள் தம்பி வயிற்றுப்போக்கால் எலும்பும் தோலுமாகி, பள்ளிக்கே வராமல் கிடந்தான்.

"யாரும் பொய் சொல்லல, சார். சுட வெச்ச தண்ணிதான் குடிக்கிறோம். ஆனா ஐஸுக்கு யாரும் சுட வைக்கிறதில்ல. நீங்க ஐஸப் பத்திக் கேக்கவே இல்லயே."

"எந்த ஐஸ்?"

"எங்கம்மா போடுற சிரப் ஐஸ். எல்லாரும் வாங்குவாங்க. தம்பி ஒரு நாளைக்கு மூணு சாப்பிடுவான். அம்மாவப் புடிச்சிட்டுப் போயிடாதீங்க, சார்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. குளிரில் உறைந்தாலும் எல்லாக் கிருமியும் சாகாது என்பது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. யாரையும் பிடிக்க மாட்டேன் என்று சொல்லி, சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் அம்மா ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் முழுவதையும் கால்வாயில் கொட்டினார். பெரிய பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார்.

"என் மகதானே சொன்னா? சொல்லட்டும் லா. புள்ளைங்க உடம்புதான் முக்கியம்."

தம்பி மருந்து சாப்பிட்டுத் தேறி, பள்ளிக்கு வந்தான். வகுப்புப் பிள்ளைகள் பாயா ரும்புட் பசார் மாலாம் இரவுச் சந்தையில்கூட, "அண்ணே, ஐஸ் சுட வெச்ச தண்ணியா?" என்று கேட்டுத்தான் பானம் வாங்குவதாக ஆசிரியர் சொன்னார். எத்தனையோ அதிகாரிகளோடு வேலை பார்த்திருக்கிறேன். அந்தச் சிறுமியின் தைரியத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து என் ஃபாரத்தின் கடைசியில், 'நான் கேட்க மறந்தது என்ன?' என்று ஒரு வரி சேர்த்தேன். அதே வகுப்பில்தான் முதலில் கொடுத்துப் பார்த்தேன். தர்ஷினி எழுதியிருந்தாள்: 'பல் விளக்குற தண்ணி, சார்.'