நூற்றுப் பன்னிரண்டு குடித்தனம்

பையின் வாயைப் பிரித்து, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்த பிறகுதான் அவள் அதன் மேல் எண் எழுதுவாள். மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதே பழக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் மூக்கம்மா. "நல்ல மண்ணுன்னா முதல் மழை வாசம் வரணும். அது மண்ணோட வாசம் இல்ல, உள்ள குடியிருக்கிறவங்களோட வாசம்" என்பாள்.

குடியிருப்பவர்கள் என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு கரண்டி மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடி தண்ணீரில் கலக்கி, இப்படி ஐந்தாறு முறை நீர்த்த பிறகு, கூழ் ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டில் தடவி வைப்பாள். மூன்றாம் நாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒரே புள்ளியை இரண்டு முறை எண்ணிவிடாமலிருக்க, தட்டின் அடியில் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு பொட்டு வைப்பாள். புள்ளி என்று மட்டும் சொல்லமாட்டாள். "இந்தத் தட்டுல எண்பத்தி நாலு குடித்தனம். ஓரத்துல பாரு, பச்சைக்காரன் யாரையும் பக்கத்துல விடல. பங்காளிச் சண்டை."

"கண்ணுக்கே தெரியாததுங்களுக்கு இவ்வளவு மரியாதையா மூக்கம்மா?" என்று எதிர்மேசைத் தட்டச்சர் சீண்டுவார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சவங்க மட்டும் நமக்கு என்னத்தச் செஞ்சு கிழிச்சுட்டாங்க?"

களைக்கொல்லி பற்றிக் கேட்கும் விவசாயிகளிடம் அவள் குரலை உயர்த்துவதில்லை. "சொன்ன அளவுல ஒரு தடவ அடிச்சா உள்ள குடியிருக்கிறவங்க அனேகமா தேறிக்குவாங்க. மூச்சுவிட நேரம் குடுக்காம, அளவுக்கு மீறி அடிச்சா? வீடு முழுக்கப் புகையைப் போட்டுட்டு, கொசுவை மட்டும்தான் விரட்டினேன்னு சொல்ற மாதிரி." அத்துடன் நிறுத்திக்கொண்டு அடுத்த பையை எடுப்பாள்.

அப்படிப்பட்டவள் தன் தம்பியிடம் மட்டும் மூன்று வருஷமாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவனுடைய அவரைக்காய் வயலில் களை எடுத்துக் கொண்டிருந்தவள் அவன் மனைவி. ஒரு நாள் குனிந்தவள் நிமிர முடியாமல் அங்கேயே சரிந்தாள். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இனிமேல் குனியவே கூடாது என்றார் மருத்துவர். மறுவாரமே தம்பி முதுகில் களைக்கொல்லித் தெளிப்பானை மாட்டினான். ஒரு விதைப்புக்கு ஒரு தடவை என்று தொடங்கியது, இரண்டாகி, நான்காகி, அளவும் கூடியது. மனைவி மேல் வைத்த பிரியத்தைத் தெளிப்பானில் நிரப்பி அடிக்கிறவனிடம் எந்த அக்காதான் என்ன சொல்லிவிட முடியும்?

இந்த வருஷம் அவரைச் செடிகள் மஞ்சளடித்தன. "மண்ணைக் குடுத்துப் பாருங்க. கெட்டுப்போச்சுன்னு வந்தா மருந்தை நிறுத்திடணும். நானே களை எடுக்கிறேன்" என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். திங்கட்கிழமை தம்பி ஒரு பையோடு கூடத்துக்கு வந்தான்.

மூக்கம்மா முகர்ந்தாள். முதல் மழை வாசம் குப்பென்று ஏறியது.

"என்னடா, நல்லாத்தானே இருக்கு!"

"அதான்க்கா நானும் சொல்றேன். நீ ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தா அவ வாயை மூடிக்குவா" என்றான். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு குடித்தனம்! தம்பியைக் கூப்பிடத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் உப்புச் சோதனைக்குப் போகவேண்டிய மீதி மண் நிழலில் காய்ந்து கிடந்தது. அதைச் சலித்துவிட்டுப் பேசலாம் என்று சல்லடையில் கொட்டினாள். மண் இறங்கியது. சல்லடையில் வெள்ளை வெள்ளையாய் நூல் போல ஏதோ தங்கியது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். புல் வேர். கைப்பிடி நிறையப் புல் வேர்.

மூன்று வருஷமாகப் புல் முளைக்க முளைக்க மருந்தடித்துக் கருக்கிய வயலில் இத்தனை வேர் எப்படி வந்தது? மருந்து படாத வரப்போரத்தில் தோண்டியிருக்கிறான். கூடப் பிறந்தவளிடமே! அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு முடிவு எழுதும் கட்டத்தில் 'மாதிரி வயலுடையது அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஞாயிறு காலை வயலுக்குப் போனாள். வரப்பில் தெளிப்பான் நிரப்பித் தயாராக இருந்தது. அக்காவைக் கண்டதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் நேராக வயலின் நடுவுக்குப் போய் ஓர் அவரைச் செடியைப் பிடுங்கினாள். வேரில் கொத்தாக இருக்க வேண்டிய முடிச்சுகள் நான்கே நான்கு. ஒன்றை நகத்தால் கீறினாள்.

"உயிரோட இருந்தா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும். இதைப் பாரு, சாம்பல். செடிக்குச் சோறு போடுறவங்களே இங்கதான்டா குடியிருக்காங்க. வேற காரணமும் இருக்கலாம், நான் இல்லைங்கல. வரப்பு மண்ணைக் கொண்டாந்தா எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்னுதான்க்கா கொண்டாந்தேன்." என்றான் தம்பி. "இது செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா அவ குனிஞ்சிடுவா. அன்னைக்கு விழுந்து கிடந்தா பாரு, அதை இன்னொரு தடவ என்னால பார்க்க முடியாது."

"அவ எதுக்குடா குனியணும்? உனக்கு ஆண்டவன் இடுப்பே வைக்கலையா?"

"மொத்த வயலும் ஒத்தை ஆளா எப்படிக்கா? நான் ஒரு மூலையை முடிக்கிறதுக்குள்ள மறு மூலை மண்டிடும்."

வரப்பில் காலடி கேட்டது. இடுப்புப் பட்டையோடு அவன் மனைவி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்; கண் கலங்கியிருந்தது.

"நானே எடுத்துடறேன் அண்ணி. மெதுவாத்தான் எடுப்பேன்."

"நீ ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து எங்களை அதட்டு, போதும். ரொம்ப நாளா உனக்கு அந்த ஆசை உண்டுன்னு எனக்குத் தெரியும்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மட்டும் தெளிப்பானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூக்கம்மா கைப்பையைத் தோளிலிருந்து கழற்றித் தெளிப்பானின் கைப்பிடியில் மாட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வரிசையின் தொடக்கத்தில் களை பிடுங்கக் குனிந்தாள்.