ஊதிக் காட்டியவர்

டிப்போவில் வண்டிச் சாவி வாங்குமுன் ஓட்டுநர்கள் ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் கருவி கத்திவிடும். அங்கே பல வருஷம் பஸ் ஓட்டிய அவர் ஊதி அது ஒருநாளும் கத்தியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? என்றோ வந்த மஞ்சள் காமாலையின் வேலை இது என்று டாக்டரம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "தண்ணி போடாமலா ஈரல் போகும்?" என்று மச்சினனே உறவுக்கெல்லாம் ஓதிவிட்டிருந்தான்.

ஒரு காலையில் அவருக்குப் பேச்சு லேசாகக் குழறியது. வயிற்று நீரில் கிருமி புகுந்திருக்கலாம், ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. "காய்ச்சலே இல்ல, எதுக்கு ஊசி?" என்று அவர் முறைத்தார். சரி, சிறுநீராவது கொடுங்கள் என்று நர்ஸ் கோப்பையை நீட்டியதும் மனிதர் வெடித்துவிட்டார்.

"குடிச்சேனான்னு பாக்கத்தானே? ஒரு சொட்டு தர மாட்டேன்!"

"ஐயோ, இல்லைங்க. இந்த நோய்ல காய்ச்சல் வராமலே கிருமி ஆளைச் சாய்ச்சிரும். அதோட சண்டை போடுற ரத்த அணுக்கள் விடுற புரதம் சிறுநீர்ல தெரியுதான்னு புதுசா பாக்குறோம்" என்றார் டாக்டரம்மா.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உங்க பேரு சுத்தமா இருந்து, நீங்க போயிட்டா? நான் யாரோட சண்டை போடுறது?"

அவர் எழுந்து நர்ஸிடமிருந்து கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு கழிவறைக்குள் போனார். வந்ததும், பார்க்க வந்து நின்ற மச்சினன் கையில் திணித்தார்.

"நீயே கொண்டு போடா. நடுவுல மாத்திட்டாங்கன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது."

சூடு ஆறாத கோப்பையை இரு கையாலும் பிடித்தபடி அவன் நடந்தான்.

புரதம் எக்கச்சக்கமாக இருந்தது. இப்போது ஊசிக்கும் வயிற்றைக் காட்டினார். கிருமி உறுதியானது, மருந்து நரம்பில் ஏறியது.

"கிருமிதானே? சாராயம் இல்லையே?"

"இதுல அது தெரியாதுங்க" என்றார் நர்ஸ்.

"அப்ப அதுக்கும் ஒண்ணு எடுங்க!"

அதையும் எடுத்தார்கள், சாராயம் இல்லை என்றே வந்தது. பிழைத்து வீட்டுக்குப் போனார். மச்சினனோடு மறுபடி காட்ட வந்தபோது புதிதாக வந்திருந்த டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்: "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் மச்சினன் எழுந்துவிட்டான்.

"கேள்விய மாத்துங்க சார். எங்க மாமா தொட்டதே இல்ல. தப்பாப் பேசித் திரிஞ்சவன் நான்தான்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சத்தம் பத்தல. வெளியில உக்காந்திருக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுடா."