ஏழாம் நம்பர் மலைக்கு எந்தத் துவக்கு?

நுவரெலியாப் பக்கத்தில் பழைய துரை பங்களா ஒன்று இப்போது ஹோட்டல். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் ஆண்டிறுதித் தேநீர் விருந்து அங்கேதான் நடந்தது. கணப்புக்கு மேலே சுவரில் ஒரு பழைய ரைபிள். கேக் துண்டோடு கிட்டப் போனேன். எண்ணெய் வாசனை மெல்ல மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கேட்காமலே இதைச் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து வயதிலேயே பெருமைக்குக் குறைவில்லை. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்த மருந்துப் போத்தல் வந்தாலும், மேலே உள்ள இங்கிலீசை நான்தான் சத்தமாக வாசிப்பேன். பாதி தப்பாக.

அந்த வருடம் பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கு ஒரு காட்டுப்பன்றி வந்து சேர்ந்தது. கன்றுக்குட்டி உயரம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சித்தியின் தொடையைக் கிழித்துவிட்டது. மறுநாள் பெண்கள் யாரும் அந்த மலைக்கு ஏறவில்லை. ஏறாவிட்டால் பேர் கிடையாது என்றார்கள். ஒரு நாள் கூலிக்குத் தோட்டத்தில் 'பேர்' என்று பெயர். பேர் இல்லாத வாரம் எங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையே சுட வருவதாகச் சொன்னார். சிங்கள மனிதர், இளம் வயது. தமிழ் பேசும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பங்களாவிலிருந்து இரண்டு துவக்குகளைக் கொண்டுவந்தார். ஒன்று வெள்ளைக்காரத் துரை காலத்து ரைபிள், யானையே விழுமாம். மற்றது சின்னச் சின்ன ஈய ரவை போட்டுச் சுடுகிற இரட்டைக் குழல் துவக்கு. அதற்குப் பன்றி பக்கத்தில் வர வேண்டும்.

வழிகாட்டப் போகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. "சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம் தொரை" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு எதற்கும் இதுதான் வழி. கல்யாணமா, வியாபாரமா, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, வயதுக்கு வராத பிள்ளையை ஒன்று எடுக்கச் சொல்வார்கள். துரைக்கு இது புதுசு. "ரைபிளுக்கும் பூவா?" என்று சிரித்தார். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்கு வந்தார்.

சிவப்பு என்றால் ரைபிள். எடுக்கிற பிள்ளை நான்! ஊரே என் விரலைப் பார்க்கிறது. மடிப்பைப் பிரித்தேன், சிவப்பு.

"ரைபிளு!" மாமா கைதட்டினார். நானே பன்றியைச் சுட்டுவிட்டதுபோல நிமிர்ந்து நின்றேன்.

"அந்தத் துவக்கு வேணாம்" என்றது ஒரு குரல். என் அம்மா.

"சாமியே சொல்லிருச்சேக்கா!"

"சாமிக்கென்னடா, கோயில் மேட்டுல இருக்கு. ஏழாம் நம்பருக்கு நேர் எதிர்ல இருக்கிறது நம்ம லயம். பன்னி தப்பிச்சா காட்டுக்குப் போகும். குண்டு தப்பிச்சா எங்க போகும்? தொட்டில்ல புள்ளைங்க தூங்குதுங்க."

துரை திரும்பிப் பார்த்தார். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் எங்கள் தகரக் கூரைகள். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரைபிளைக் கீழே வைத்தார்.

"மீனாச்சி சொல்றது சரி. ஆனா பன்னி கிட்ட வராதே?"

"நாங்க கொண்டாறோம் தொரை" என்றாள் அம்மா.

"பேசறதைப் பாரு, பன்னிய இடுப்புல தூக்கிட்டு வருவா!" என்றார் மாமா. எனக்கோ அழுகை. நான் எடுத்த பூவை என் அம்மாவே ஒதுக்கிவிட்டாளே!

அந்தப் பெண்கள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. கொழுந்து பறிக்க எப்படி ஆளுக்கொரு நிரை பிடிப்பார்களோ, அப்படியே மலை உச்சியில் நிரை பிடித்தார்கள். கையில் கூடைக்குப் பதில் தகரம். தட்டிக்கொண்டே இறங்கினார்கள். யார் நிரையிலும் இடைவெளி விழவில்லை. பன்றிக்கு ஒரே வழி, ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் மட்டும். பெண்கள் கீழே ரோட்டோடு நின்றுவிட வேண்டும், அவர்கள் நின்ற பிறகே துரை கானுக்குள் சுட வேண்டும் என்பது பேச்சு.

கோயில் மேட்டிலிருந்து பார்த்தேன். தேயிலைச் செடிகள் படபடவென்று ஆடுகின்றன. ரோட்டுக்கு வந்ததும் அம்மா கையை உயர்த்துகிறாள், தகரங்கள் ஒரே நேரத்தில் அடங்குகின்றன. கறுப்பாக ஒன்று கானுக்குள் பாய்கிறது. டமார்! மறுபடி டமார்! மலை முழுக்க அந்தச் சத்தம் உருண்டது. பிறகு பெண்கள் போட்ட கூச்சல் அதைவிடப் பெரிசு.

மாமா சாமிக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டார். இறைச்சி லயத்தில் எல்லாக் குடும்பத்தின் காம்பராவுக்கும் போனது. அடுத்த வேலை நாள் அம்மா ஏழாம் நம்பரில் தன் நிரையில் நின்றாள். முழுப் பேர்.

போன மாதம் அம்மாவோடு அந்தப் பக்கம் நடந்தேன். அன்று இறங்கிய பெண்களில் பாதிப் பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். மலையைத் தோட்டம் கைவிட்டுவிட்டது. தேயிலை மரமாக வளர்ந்துவிட்டது, மானாப்புல் ஆளை மறைக்கிறது. அம்மா தன் நிரையைக் காட்டுகிறேன் என்று கொஞ்ச தூரம் உள்ளே போனாள், இடம் தெரியாமல் திரும்பி வந்தாள். இப்போது எல்லோரும் அதைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். அம்மா மட்டும் ஏழாம் நம்பர் என்கிறாள்.