தொண்ணூற்றெட்டு சதவீதத் திருட்டு

உலகத்தில் உள்ள படிக்கட்டுகள் அத்தனையையும் எங்கள் வீட்டு மருமகள் அளந்து முடித்திருக்கிறாள். சரி, அத்தனையும் இல்லை. பதினோரு கட்டடங்கள், நானூற்றுப் பன்னிரண்டு படிகள். ஆனால் அதில் பாதிக்கு மேல் நானும் கூடவே போய் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவள் என்பதால், உலகம் முழுக்க என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மருமகள் கல்லூரியில் கட்டடப் பொறியியல் சொல்லித்தருகிறாள். பதினோரு வருஷமாக ஒப்பந்த ஆசிரியை. ஒவ்வொரு வருஷமும் பதினோரு மாதத்துக்கு ஓர் ஆணை வரும். பன்னிரண்டாவது மாதம் அவள் யாரும் இல்லை, கல்லூரி வாசலில் காவலாளி கூட, “யாரைப் பாக்கணும்?” என்று கேட்பான். பிறகு மறுபடி ஆணை வரும், மறுபடி ஆசிரியை ஆவாள்.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான்: பொதுக் கட்டடங்களில் படிகளைத் தேய்ப்பது ஏறுகிறவர்களா, இறங்குகிறவர்களா? கேட்டால் சிரிப்பு வரும். அவள் சிரிக்கவில்லை. காய்கறிப் பையில் ஓர் இரும்புச் சட்டமும் ஆழம் அளக்கும் கருவியும் போட்டுக்கொண்டு, மூன்று வருஷம் விடுமுறை நாள் பார்க்காமல் அலைந்தாள். படியின் குறுக்கே சட்டத்தை வைத்து ஒன்பது இடத்தில் பள்ளம் அளப்பாள். என் மகன் டார்ச் பிடிப்பான். நான் ஓரமாக உட்கார்ந்து ஏறுகிறவர்களுக்கு இடது கையிலும் இறங்குகிறவர்களுக்கு வலது கையிலும் எண்ணும் கருவியை அமுக்குவேன். முழங்காலைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

நீதிமன்றத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார். “என்னம்மா தேடுறீங்க, மோதிரமா?”

“பள்ளம் சார்,” என்றாள் மருமகள், நிமிராமல்.

“எதிர்ல ரோட்டுல போய்த் தேடுங்க, நிறைய இருக்கு.”

கடைசியில் தெரிந்தது, இறங்குகிறவர்கள்தான் தேய்க்கிறார்கள். அதுவும் கைப்பிடிப் பக்கமாக. நீதிமன்றப் படிகள் மருத்துவமனைப் படிகளைவிட மோசமாகத் தேய்ந்திருந்தன. கேஸ் தோற்றவன் காலை உதைத்துக்கொண்டு இறங்குவான், அதனால்தான் என்று நான் விளக்கம் சொன்னேன். “அதுக்குத் தரவு இல்ல, அத்தை,” என்று மருமகள் ஒரே வரியில் என் விஞ்ஞானத்தை முடித்துவிட்டாள்.

இந்த வருஷம் கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் ஒன்று விழுந்தது. ஒன்றே ஒன்று. விண்ணப்பிக்கிறவருக்கு நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. மருமகளுக்கு அந்த வயது முடிய மூன்று மாதம் பாக்கி. முதல் ஆசிரியராக ஓர் ஆய்வுக்கட்டுரையை அங்கீகாரம் பெற்ற ஆய்விதழுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியதற்கு அந்த இதழ் தரும் எண்ணை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. இதை விட்டால் ஆயுள் முழுக்கப் பதினோரு மாத வாழ்க்கைதான்.

எங்கள் வீட்டில் மின்சாரப் பிளக் நல்லபடியாக வேலை செய்யும் இடம் ஒன்றுதான்: குளிர்சாதனப் பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில். அங்கே ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். யாராவது பெட்டியைத் திறந்தால் அவள் எழுந்திருக்க முடியாது. துணி துவைத்தால் கட்டுரை குலுங்கும். “தள்ளிக்கோ” என்று நாங்களும், “ஒரு நிமிஷம்” என்று அவளுமாக நான்கு வாரம் ஓடியது.

கட்டுரை ஒன்பதாயிரத்து நானூறு வார்த்தை. இதழின் வரம்பு ஆறாயிரம். எப்படி எழுத வேண்டும் என்று அந்த இதழ் அனுப்பிய விதிகளே பதினான்கு பக்கம். அதற்கு வரம்பு யாரும் வைக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமாக எனக்கு வாசித்துக் காட்டி, “இது வேணுமா, அத்தை?” என்பாள்.

“வேணாம்.”

“அது மூணு நாள் வேலை.”

“அப்ப இருக்கட்டும்.”

“இருந்தா வார்த்தை கூடுது.”

“அப்புறம் என்னை எதுக்குடி கேட்கிற?”

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு வெட்டிவிடுவாள். நான் உட்கார்ந்து எண்ணிய தபால் நிலையத்து மழைநாள் கணக்கு முழுதாகப் போனது. வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு அது பெரிய தியாகம்.

ஆறாயிரத்துக்கு இறக்கியதும் அடுத்த வாசல். கட்டுரை வேறு எங்கிருந்தும் எடுத்ததில்லை என்று காட்ட ஒரு சோதனை அறிக்கை இணைக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் அதற்கென ஒரு சாஃப்ட்வேர் உண்டு. கட்டுரையைப் போட்டால், உலகத்தில் உள்ள மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று சொல்லும். பதினைந்துக்குக் கீழே இருந்தால் யோக்கியர்.

திங்கட்கிழமை நூலகர் அதைப் போட்டுப் பார்த்தார். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற அம்மாள். புத்தகங்கள் விழித்துக்கொள்ளும் என்று பயந்தவர் போல மெல்லிய குரலில் பேசுவார். எங்கள் வீட்டில் அவருக்கு ‘மெதுவா மேடம்’ என்று பெயர். ஒன்பது சதவீதம் என்று வந்தது. அன்றைக்கு மருமகள் துணி துவைக்கும் இயந்திரத்தைக் கூட அன்பாகத் தட்டிக்கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அட்டவணை ஒன்றைச் சரிபார்க்கையில் முகம் மாறியது. மருத்துவமனையின் இருபத்து மூன்று படிகளைத் தபால் நிலையத்தின் கட்டத்தில் போட்டிருக்கிறாள்.

“முடிவு மாறுதா?” என்று கேட்டான் என் மகன்.

“மாறல.”

“அப்புறம் என்ன? அப்படியே அனுப்பு. எவன் போய் எண்ணப்போறான்?”

“நான் எண்ணியிருக்கேனே,” என்றாள்.

அட்டவணையைத் திருத்தினாள். கட்டுரை மாறினால் அறிக்கையும் புதிதாக வேண்டும் என்பது விதி. புதன்கிழமை நூலகர் மறுபடி சாஃப்ட்வேரில் போட்டார். தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று வந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை சோதித்தபோது, ‘சேமித்து வைக்கவும்’ என்ற சின்னக் கட்டத்தில் இருந்த குறியை எடுக்க நூலகர் மறந்துவிட்டார். அன்றைய கட்டுரை அந்தச் சாஃப்ட்வேரின் கிடங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது புதிய கட்டுரை அந்தப் பழைய கட்டுரையிலிருந்து திருடியதாம். யாரிடமிருந்து? ‘இதே கல்லூரியைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து’. திருத்திய அட்டவணை இருக்கிறதே, அந்த இரண்டு சதவீதம்தான் அவளுடைய சொந்தச் சரக்கு!

நான் சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினேன்.

கிடங்கிலிருந்து நீக்கலாம். அதற்கு அந்த நிறுவனத்துக்குத் துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும். துறைத்தலைவருக்கு எங்கள் வீட்டில் ‘முன்னுரை’ என்று பெயர். எந்தக் கூட்டமும் அவர் பேசாமல் தொடங்காது. அவர் பேச ஆரம்பித்தால் தொடங்கவே தொடங்காது. அவர் பெயரில் அறுபத்து நான்கு கட்டுரைகள் இருக்கின்றன. அவர் அறை தரைத்தளத்தில். படியேறியே பல வருஷம் இருக்கும்.

வியாழக்கிழமை காலை மருமகள் போய் நின்றாள்.

“கையெழுத்துதானேம்மா, தாராளமாப் போடலாம்,” என்றாராம். “கட்டுரையில என் பேரு எங்க இருக்கு?”

“இல்ல சார்.”

“துறையில நடந்த வேலை. எத்தன கட்டடத்துக்கு அனுமதிக் கடிதம் குடுத்திருக்கேன்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. முதல்ல என் பேரு, அடுத்தது உன் பேரு. உடனே போட்டுத் தர்றேன்.”

அந்தத் துறையில் அதுதான் வழக்கம். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதுகூட இல்லை. சேரில் உட்காருவது போல முதல் பெயரில் அவர் உட்கார்ந்துவிடுவார். ஆனால் அவர் முதலில் வந்தால் இவள் இரண்டாவது. இரண்டாவது ஆசிரியருக்கு அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. கையெழுத்து வாங்கினால் வேலை போச்சு, வாங்காவிட்டால் திருடி.

அன்று சாயங்காலம் சீக்கிரமே வந்து அந்த முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை. நான் பால் எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். கதவு அவள் தோளில் இடித்தது. அவள் நகரவில்லை. நானும் கதவை மூடவில்லை. பெட்டியின் குளிர் இரண்டு பேர் மேலும் அடித்துக்கொண்டிருந்தது.

“அத்தை, வேற வார்த்தைல முழுசா எழுதிட முடியுமான்னு பார்த்தேன்,” என்றாள். “நாலு வரி எழுதினேன். எப்படி எழுதினாலும் நான் எழுதின மாதிரியே வருது.”

“உன் படி, உன் பள்ளம். வேற எப்படிடி வரும்?”

“அதான். என்கிட்ட இருந்தே என்னால தப்பிக்க முடியல.”

எனக்கு எதற்கும் ஒரு கதை வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கோ கதவை மூடிவிட்டு, பால் எடுக்காமலே போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் நூலகத்துக்குப் போய், முன்னுரை கேட்டதை அப்படியே சொன்னாள். மெதுவா மேடம் முதல்முறையாக நூலகத்தில் சத்தமாகப் பேசினார் என்று கேள்வி. “நான் பண்ணின தப்புக்கு அவர் பேரு எதுக்கும்மா முதல்ல?” மூலையில் தூங்கிக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம். உடனே நூலகத்தின் கடிதத்தாளில், தொண்ணூற்றெட்டு சதவீதம் பொருந்துவது இதே ஆசிரியரின் இதே கட்டுரையோடுதான், சேமித்தது தன்னுடைய கவனக்குறைவு என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

“மேடம், இது உங்க ஃபைல்ல ஏறும்.”

“ஏறட்டும். ரெண்டு வருஷத்துல அந்த ஃபைல் எவ்வளவு தடிச்சிடப்போவுது?”

அந்தக் கடிதத்தோடு மருமகள் நேராகத் தரைத்தளத்துக்கு இறங்கினாள். முன்னுரையின் மேசை மேல் அதை வைத்தாள். “சார், இனிமே உங்க கையெழுத்து எனக்கு வேணாம்,” என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் திரும்பி, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். அந்தச் சத்தத்தில் மூன்றாம் மாடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிற்பகல் மூன்று இருபதுக்குக் கடிதத்தையும் இணைத்து, தன் பெயர் ஒன்றை மட்டும் போட்டுக் கட்டுரையை அனுப்பினாள். எட்டு இலக்க எண் வந்தது. நாலரைக்கு விண்ணப்பம் அலுவலகத்தில் சேர்ந்தது. நேர்காணல் அடுத்த மாதம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வாசித்துப் பாரேன் என்று தாள்களை மருமகளிடமே கொடுத்தேன். முக்காலியில் உட்கார்ந்தபடி வாசித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“கதவ அறையல, அத்தை. சாத்திட்டு உக்காரச் சொன்னார். உக்காந்தேன்.”

“உக்காந்தியா?”

“விண்ணப்பம் அவர் கையெழுத்து இல்லாம அலுவலகத்துக்குப் போகாது. மேடம் கடிதத்தைக் காட்டினேன், படிச்சுப் பார்த்தார். சரிம்மா, நீ முதல்ல இரு, நான் ரெண்டாவதா இருந்துக்கறேன்னார். தியாகம் பண்ற மாதிரி சொன்னார். சரின்னுட்டேன்.”

“என்கிட்ட அன்னிக்கு இதைச் சொல்லலையே?”

“நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்களே கதவு அறையுற இடத்துக்கு வந்துட்டீங்க. பக்கத்து வீட்டம்மா வேற கேட்டுட்டு இருந்தாங்க.” தாள்களை என்னிடம் திருப்பி நீட்டினாள். “மாத்தி எழுதுங்க. அவர் பேரை அவர் எதிர்லயே உக்காந்து நான்தான் டைப் பண்ணினேன். வாசல் வரைக்கும் வந்தப்புறம் திரும்பக் கூப்பிட்டார். பேருக்கு முன்னால முனைவர்னு போட மறந்துட்டேனாம்.”