கோவில்பிள்ளை குஸ்தாவ் ஓடிய வெள்ளிக்கிழமை

தேவாலயத்தில் மணியடித்து, பீடத்தைப் பார்த்துக்கொள்கிற எங்கள் கோவில்பிள்ளை குஸ்தாவ் ட்ரொப்பா ஓடி யாரும் பார்த்ததில்லை. நான் மாடியில் ஆர்கன் வாசிக்கிறவள். முப்பத்தோரு வருஷமாக, தலைக்கு மேல் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் பீடத்தையும் நடுவழியையும் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறேன். அதில் அவரை எத்தனை ஞாயிறு பார்த்திருப்பேன்! அவர் போய் மெழுகுவத்தி ஏற்றித் திரும்புவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

உள்ளே நுழைந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்வார். காலடிச் சத்தம் கேட்கக் கூடாதாம். யாராவது இருமினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். இருமல் தொண்டையிலேயே செத்துவிடும். எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தியிடம் போய், "செருப்பு கிறீச்சுங்குது, எண்ணெ போட்டுட்டு வாம்மா" என்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திருவிருந்து அன்று அவர் வெள்ளைத் துணியை விரித்துப் பாத்திரத்தை வைக்கிற அழகைப் பார்த்தால் கோபம் போய்விடும். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி வைப்பார்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு வருகிறவர்கள் முந்தின நாளே பெயர் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பெயரோ அத்தனை அப்பம். காகிதம்போல மெல்லிய, வெள்ளை வட்டங்கள். பீடத்தில் ஜெபித்த பிறகு மீந்தால் டப்பாவில் திருப்பிப் போட முடியாது. போதகர் அங்கேயே, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டுவிட வேண்டும். குஸ்தாவ் மூன்று தடவை எண்ணுவார். அப்படி எண்ணுகிற மனிதர், ஒன்பது வருஷமாக ஒவ்வொரு தடவையும் ஒரு அப்பம் கூடுதலாக வைத்தார்.

அது யாருக்கென்று ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய வெள்ளி. அவர் மகன் மிலோஷ், ரயில் பட்டறையில் வேலை முடித்து, தூங்காமல் கொள்ளாமல் நேராகக் கோயிலுக்கு வந்தான். கையெல்லாம் கிரீஸ். பீடத்துப் படியில் அப்பா வழி மறித்தார்.

"இந்தக் கையோடயா? போய்க் கழுவிட்டு வாடா."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் மாடியில் இருந்த எனக்கே கேட்டது. மிலோஷ் தன் கையை ஒரு தடவை பார்த்தான். திரும்பி நடந்து வாசல் வழியாகப் போனவன்தான். கோயிலுக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. தாய் இல்லாத வீடு. சமாதானம் பேசவும் ஆள் இல்லை. அதற்குப் பிறகு குஸ்தாவ் ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு, தான் மட்டும் ஓரமாக நின்றார். மனஸ்தாபத்தோடு அங்கே முழங்கால் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவரை யாரும் தடுக்கவில்லை. அவரே தன்னைத் தடுத்துக்கொண்டார்.

பழைய போதகர் அந்தக் கூடுதல் அப்பத்தை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிடுவார். இந்தக் குளிர்காலத்தில்தான் புதுப் போதகர் வியெரா வந்தார். சின்ன வயசுப் பெண், எதையும் நேரே கேட்கிற ரகம். பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழன் சாயங்காலம் குஸ்தாவ் எண்ணி முடித்தபோது நானும் பாட்டு எண்களை எழுதிக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"ஐயா, நூத்தி நாப்பத்தாறு பேர்தானே பேர் குடுத்திருக்காங்க? இதுல நூத்தி நாப்பத்தேழு இருக்கே. போன தடவையும் ஒண்ணு மிஞ்சிச்சு. யாருக்கு அது?"

குஸ்தாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. "கண்ணு சரியில்ல போதகரம்மா. தப்பா எண்ணிட்டேன்" என்றார். ஒரு அப்பத்தை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். டப்பாவை வாசல் பக்கம், மணிக்கோபுரத்தடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏனென்றால் இரண்டு வாரம் முன்னால் நான்தான் மிலோஷுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். 'மணிக்கயிறு பிடித்தால் உன் அப்பனுக்குக் கை நடுங்குகிறது. வருவதென்றால் இந்தப் பெரிய வெள்ளிக்கு வா. வராவிட்டால் உன் இஷ்டம்.' பதில் இல்லை. சொல்லி, அவன் வராமல் போனால் இந்த மனிதர் என்ன ஆவார்? வாயை மூடத் தெரியாதவள் என்று ஊரே என்னைச் சொல்லும். பேச வேண்டிய ஒரே நாளில் மூடிக்கொண்டேன்.

"என்ன ஷெல்மீரா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார் குஸ்தாவ்.

"ஒண்ணுமில்லண்ணே. குளிருது."

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக வந்து முழங்கால் போட்டு, வாங்கிக்கொண்டு போனார்கள்; முதல் வரிசையில் நானும் வாங்கிவிட்டு மாடியேறி வந்து வாசித்தேன். கடைசி வரிசையும் எழுந்து போனது. நான் பாட்டை முடித்துக் கையை எடுத்தேன். போதகர் பாத்திரத்தை மூடத் துணியைக் கையில் எடுத்தார்.

அப்போது கண்ணாடியில் ஓர் ஆள் தெரிந்தான். மாடிக்குக் கீழே, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நடுவழிக்கு வந்து நின்றான். பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் காதுகளை எனக்குத் தெரியாதா? அப்பனுடைய காதுகள்!

வந்துவிட்டான்! எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. மறு நிமிஷமே கணக்கு நினைவுக்கு வந்தது. நூற்று நாற்பத்தாறு பேர், நூற்று நாற்பத்தாறு அப்பம். இவன் நூற்று நாற்பத்தேழாவது. அடப்பாவி, நேற்றே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை, என்னையும் சேர்த்துத்தான். கை அதுபாட்டுக்கு மறுபடி வாசிக்கத் தொடங்கியது.

அவன் அவ்வளவு தூரமும் தனியாக நடந்தான். படியில் முழங்கால் போட்டான். போதகர் தட்டைப் பார்த்தார். பிறகு குஸ்தாவைப் பார்த்தார். குஸ்தாவ் மகனைப் பார்த்துக்கொண்டு மரம்போல நின்றார். வாய் திறந்திருந்தது. மிலோஷ் தலையைத் தூக்கி வெறும் தட்டைக் கண்டான்.

"பரவால்ல" என்று படியில் கையை ஊன்றினான், எழுந்திருக்க.

"எந்திரிக்காதடா!"

அது குஸ்தாவின் குரல். கோயிலுக்குள், பெரிய வெள்ளியன்று, தொண்டை கிழிய. "அப்புடியே இரு! நகந்தேன்னா பாரு!"

ஓடினார் ஐயா, ஓடினார்! அறுபத்தெட்டு வயசு மனிதர், பீடத்திலிருந்து கோபுரத்தடி வரை, நடுவழியில். கம்பளிச் செருப்பு கல்லில் வழுக்கியது. இரண்டையும் உதறி எறிந்தார்; ஒன்று ஒரு விதவையின் மடியில் போய் விழுந்தது. காலுறையோடு ஓடினார். சாவிக்கொத்து சலசலக்க, அலமாரிக் கதவு டமாரென்று திறக்க, என் துக்கப் பாட்டு கல்யாண ஊர்வலம்போல வேகம் பிடித்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் மனசில்லை.

ஒரு அப்பத்தை எடுத்து வரத் தோன்றவில்லை அவருக்கு. டப்பாவையே மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். பாதி வழியில் மூடி கழன்று விழுந்து, உருண்டு, தடதடவென்று சுற்றி, ஒருவழியாக அடங்கியது. வேறு யாராவது செய்திருந்தால் கொன்றே போட்டிருப்பார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போதுதான் நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

மிலோஷ் நகரவில்லை. அங்கேயே இருந்தான்.

புது அப்பத்தை அப்படியே எடுத்து நீட்டிவிட முடியாது. கர்த்தர் சாவுக்கு முந்தின இரவில் அப்பத்தைக் கொடுத்து, 'இது உங்களுக்காக' என்று சொன்ன வார்த்தைகளை அதன் மேல் மறுபடி பாட வேண்டும். போதகர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு குஸ்தாவின் முகத்தைப் பார்த்தார். நேரே கேட்கிறவர்தானே.

"இன்னொண்ணும் எடுக்கட்டுமா ஐயா?"

குஸ்தாவ் மகனைப் பார்த்தார். மிலோஷ் முழங்காலை நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டான்.

குஸ்தாவ் இறங்கி முழங்கால் போட்டார். குசுகுசுவென்று சொல்லத்தான் நினைத்திருப்பார். மூச்சிரைப்பில் அது கடைசி பெஞ்சு வரை கேட்டது.

"மன்னிச்சிருடா."

"மொதல்ல மூச்சு வாங்குப்பா" என்றான் மிலோஷ்.

போதகர் அவசரப்படவில்லை. அந்த மூச்சு அடங்கும்வரை நின்றார். பிறகு, ஊருக்கே ஒரு தடவை பாடி முடித்த வார்த்தைகளை, முதல் எழுத்திலிருந்து மறுபடி பாடினார். "உங்களுக்காக" என்று அவர் பாடியபோது எதிரே இருந்தவர்கள் இரண்டே பேர். வாங்கி முடித்திருந்த நாங்கள் நூற்று நாற்பத்தாறு பேரும் அவர்களுக்காக எழுந்து நின்றோம்.